காசல்ரீக்கு ஒரு பெரிய படகு

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் என் படகைப் பார்த்துவிட்டு மவுசாகலைப் பக்கமிருந்தும் திகனைப் பக்கமிருந்தும் பையன்கள் வந்து கேட்கிறார்கள். “அண்ணே, பழைய போட் ஒன்னு பெருசா எடுக்கலாம்னு இருக்கோம். என்னென்ன பாக்கணும்?” கரையில் நின்றபடி கால் மணித்தியாலத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நான் வாங்கும்போது இதையெல்லாம் சொல்ல மலைநாட்டில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

ஆறு வருடம் 18 அடி ஃபைபர் படகு ஒன்றை ஓட்டினேன். பின்னால் 15 குதிரைவலு யமஹா. ஏழு பேர் உட்காரலாம். தோட்டத்து பங்களாக்களில் தங்க வருகிற வெளிநாட்டவர்கள், சிவனொளிபாதமலை ஏறி இறங்கிவிட்டு ஒரு நாள் சும்மா இருக்கலாம் என்று வருகிற குடும்பங்கள், இவர்கள்தான் என் ஆட்கள். நம் ஊர் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. நடுத் தண்ணீரில் மழை பிடித்தால் கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லாரும் நனைவார்கள். வயதானவர்கள் படகு ஆடுவதைப் பார்த்துவிட்டு ஏறாமலே திரும்பிப் போவார்கள். கூரையும் கதவும் உள்ள, காலை வைத்தால் சாயாத ஒரு படகு வேண்டும் என்ற ஆசை அப்படி வந்ததுதான்.

2023 நவம்பரில் நீர்கொழும்பில் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. 28 அடி. ஜப்பானில் கட்டியது. உள்ளே கேபின், இரண்டு படுக்கை, சின்னக் கழிப்பறை, நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். கொரோனா காலத்துக்குப் பிறகு சுற்றுலா படுத்து, 2022இல் டீசல் லீட்டர் 460 ரூபாய்க்கு ஏறியபோது உரிமையாளர் ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். எஞ்சின் 900 மணித்தியாலம்தான் ஓடியிருக்கிறது என்று மீட்டர் காட்டியது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. குறைவாக ஓடிய எஞ்சின், புதுசு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு. உப்புத் தண்ணீரில் ஓடாமல் கிடந்த எஞ்சினைவிட தினமும் ஓடிய எஞ்சின் நல்லது. தண்ணீர்க் குழாய்களுக்குள் நின்றுபோன உப்பு அங்கேயே இருந்து தின்னும். மீட்டரில் எத்தனை மணித்தியாலம் என்று கேட்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது ஓடியது, எத்தனை மாதம் சும்மா கிடந்தது என்று கேளுங்கள்.

நல்ல வேளை, மச்சானைக் கூட்டிப் போயிருந்தேன். மனைவியின் அண்ணன், தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் பார்க்கிறவர். படகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, டீசல் எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரியும். நான் கேபினுக்குள் மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தளப்பலகையைத் தூக்கி எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. எங்களுக்காகக் காலையிலேயே போட்டு சூடாக்கி வைத்திருக்கிறார்கள். மச்சான் அங்கே ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், “மாப்ள, நாளைக்கு விடியக்கால சொல்லாம கொள்ளாம வருவோம். கைபட்டா சில்லுன்னு இருக்கணும்” என்றார்.

மறுநாள் ஆறு மணிக்குப் போனோம். குளிர்ந்த எஞ்சினைத் திருகினால் மூன்றாவது தடவைதான் பிடித்தது. வெள்ளைப் புகை வந்தது. இரண்டு நிமிடத்தில் அடங்கியது. அடங்காமல் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது அல்லது டீசல் சரியாக எரியவில்லை, நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் எஞ்சினால் சுமையை இழுக்க முடியவில்லை என்று மச்சான் அங்கேயே சொல்லித் தந்தார். ஒயில் கோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். கறுப்பாக இருந்தது, அது பரவாயில்லை. தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பி பஸ் ஏறியிருப்போம். கியர் ஒயிலை மோந்து பார்த்தார். கருகிய வாடை இல்லை.

அடுத்து படகின் உடல். இதற்கென்று தனியாக ஓர் ஆளுக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொன்னதுதான் இந்த முழு விவகாரத்தில் நான் செய்த நல்ல காரியம். முப்பது வருடம் ஃபைபர் படகு கட்டிய ஒரு ஐயா. விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துத்தான் பிடித்தோம். “தண்ணீல இருக்கிற படகுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன் தம்பி, கரைக்கு ஏத்துங்க” என்றார். ஏற்றும் செலவை நான் தருவதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் உரிமையாளர் சம்மதித்தார்.

அந்தக் காலைப்பொழுது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு, ஐயா ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று ஒரே சத்தம். வலப்பக்கம், தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு முழம் கீழே வந்ததும் சத்தம் ‘தொப்’பென்று செத்துப்போனது. சோக்குக்கட்டியால் அங்கே ஒரு வட்டம் போட்டார். அதற்குக் கீழே அம்மைக் கொப்புளம் போல சின்னச் சின்னதாகத் தடித்திருந்தது. ஊசியால் ஒன்றைக் குத்தினார். ஒரு துளி பீறிட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. கையை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினார். வினாகிரி மணம்.

ஃபைபருக்குள் தண்ணீர் ஊறி, உள்ளே இருக்கிற பிசினோடு சேர்ந்து புளித்துப்போன திரவம் அது. நான் உடனே, “நாங்க நல்ல தண்ணிக்குத்தானே கொண்டுபோறோம் ஐயா, உப்பு இல்லையே” என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். நல்ல தண்ணீர்தான் ஃபைபருக்குள் கூடுதலாக ஊறுமாம், உப்புத் தண்ணீரில் இருந்ததைவிட அங்கே கொப்புளம் வேகமாகப் பெருகுமாம். எங்கள் பக்கத்துக் குளிரையும் மழையையும் பற்றிச் சொன்னதும், “அப்ப இங்கயே காயவச்சு மூடிட்டுத்தான் கொண்டுபோகணும். அங்க கொண்டுபோய் எப்ப காயும்?” என்றார். நோர்வூட்டில் துவைத்த சட்டையே மூன்று நாளாகும். அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது.

மேல்தளத்தில் குதிகாலால் மிதித்துக்கொண்டே நடந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் மெத்தென்று அமுங்கியது. ஜன்னல் ஓரமாக ஒழுகிய மழைத்தண்ணீர் இரண்டு ஃபைபர் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற பலகையை உக்கவைத்திருந்தது. ஒன்றரை அடிக்கு ஒரு அடி. அதையும் எழுதிக்கொண்டார். எஞ்சின் உட்காருகிற நெடுக்கு விட்டங்களை மட்டும் டார்ச் அடித்து அரை மணித்தியாலம் பார்த்தார். அது உக்கியிருந்தால் படகை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதே என்றார். நல்லபடியாக இருந்தது.

கேட்ட விலை 62 இலட்சம். ஐயா எழுதித் தந்த தாளை முன்னால் வைத்துப் பேசி 51க்கு முடித்தோம். பத்திரத்தில் இருக்கிற எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் வெட்டியிருக்கிற இலக்கமும் ஒன்றுதானா, லீசிங் கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

51 இலட்சம் என்றால் 51 இலட்சத்தோடு முடிகிறது என்று நினைத்தேன். படகைக் காயவைத்து எப்பொக்சி பூசியது, தளத்தை வெட்டி ஒட்டியது, லொறி, கிரேன், விசிறி (தண்ணீருக்கடியில் சுற்றிப் படகைத் தள்ளுகிற புரொப்பெல்லர்), எஞ்சின் வேலை எல்லாம் சேர்ந்து இன்னும் 17 இலட்சம் போனது. மூன்றில் ஒரு பங்கு. கையில் இருக்கிற காசு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டால் படகு உங்களிடம் இருக்கும், ஓடாது. எஞ்சின் வேலையில் பெரியது, புகையும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிற அந்த வளைந்த இரும்புக் குழாய். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. கழற்றினால் உள்ளே கரியும் துருவும் சேர்ந்து, பெருவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். கடல் படகு வாங்குகிறவர்கள் இந்த ஒரு குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் புதுக் குழாயின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் ஆறு வாரம் காய்ந்து, பூச்சு வேலையும் முடிந்தபோது மார்ச் வந்துவிட்டது. அகலமான படகு, அதற்குத் தனி அனுமதி எடுத்து, இரவில்தான் கொண்டுவந்தோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை. கினிகத்தேனை ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கி முன்னால் போகிற வானின் பின்விளக்கே தெரியவில்லை. கேபின் கூரையின் மேல் இருந்த வளைவுச் சட்டத்தை ஐயா முன்கூட்டியே கழற்றச் சொல்லியிருந்தார். கழற்றாமல் வந்திருந்தால் ஹட்டனைத் தாண்டுவதற்குள் நாலு இடத்தில் மின்கம்பியில் மாட்டியிருக்கும். அப்படியும் இரண்டு இடத்தில் மச்சான் காய்ந்த மூங்கில் கழியால் தொலைபேசிக் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, லொறி அடி அடியாக நகர்ந்தது. கொண்டுவரும் பாதையை ஒரு நாள் முன்பே அளவுக்கோலோடு போய்ப் பாருங்கள். மின்கம்பி பக்கம் மட்டும் எந்தக் கழியையும் கொண்டுபோகாதீர்கள்.

விடிந்தபோது காசல்ரீக் கரையில் நின்றோம். இனித்தான் என் பெரிய பிழையைச் சொல்ல வேண்டும்.

காசல்ரீ இயற்கையான ஏரி இல்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்து மின்சாரத்துக்காகக் கட்டியது. இங்கிருந்து போகிற தண்ணீர்தான் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில் கரை சேறும் வெடிப்புமாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகுதான் ஏறும், நல்ல மழை வருடத்தில் அணை நிரம்பி வான் பாயும். இது தெரியாதவனா நான்? இந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் என் சின்னப் படகுக்கு ஒரு அடி தண்ணீர் போதும், எந்தச் சேற்றிலிருந்தும் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். பெரிய படகுக்கு விசிறியின் நுனி வரை மூன்றடி வேண்டும், எடை நான்கு தொன். இறக்குமிடத்துச் சரிவு முடிகிற இடத்திலிருந்து தண்ணீர் முப்பது யார் தள்ளி இருந்தது. நடுவில் முழங்கால் சேறு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. ஆட்கள் அதிகமாக வருகிற மாதங்களும் தண்ணீர் குறைவாக இருக்கிற மாதங்களும் ஒன்றோடொன்று வந்து விழுகின்றன. இதை வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் 28 அடிக்குப் போயிருக்க மாட்டேன். அடிப்பாகம் தட்டையான 23, 24 அடிப் படகு பார்த்திருப்பேன். படகு ஜூன் வரை கரையில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அம்மா, “இதுக்கா நகைய வச்ச?” என்று கேட்க மாட்டார், பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். அது கேட்பதைவிடக் கஷ்டம்.

ஜூன் இரண்டாம் வாரம் இறக்கினோம். பன்னிரண்டு பேரை ஏற்றி முழு வேகம் கொடுத்தால் பின்னால் கன்னங்கரேலென்று புகை. நீர்கொழும்பில் மூன்று பேரோடு நிமிடத்துக்கு 3,550 சுற்று போன எஞ்சின் இங்கே 3,050ஐத் தாண்டவில்லை. எஞ்சின் போய்விட்டது என்று எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. மச்சான்தான் நிதானமாக யோசித்தார். நாம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலு இழக்கும். ஆனால் விசிறி கடல் மட்டத்துக்கு அளந்து போட்டது, அதையே சுற்றச் சொல்கிறோம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு, அதனால் படகும் கொஞ்சம் கூடுதலாக அமுங்கும். விசிறியைக் கழற்றி நீர்கொழும்புக்கே அனுப்பி, இதழின் சாய்வை இரண்டு அங்குலம் குறைத்து வாங்கினோம். ஒரு சுற்றில் விசிறி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதைத்தான் இப்படி அங்குலத்தில் சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது கணக்கு. 3,420 வந்தது, புகையும் போனது. மலைக்கு டீசல் படகு கொண்டுவருகிறவர்கள் விசிறிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள், முடிந்தால் டர்போ உள்ளதாகப் பாருங்கள்.

அடியில் மாட்டியிருக்கிற துத்தநாகக் கட்டிகளையும் மாற்ற வேண்டும். விசிறியும் தண்டும் அரிபடாமல், தாம் அரிபட்டுக் காப்பாற்றுகிறவை அவை. நல்ல தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஓடு மாதிரிப் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். மக்னீசியம் போட வேண்டும்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். பின்னால் மாட்டுகிற எஞ்சினில் எஞ்சினே திரும்பும், நீங்கள் திருப்பிய பக்கம் தள்ளும். உள்ளே எஞ்சின் வைத்த படகில் விசிறி நேராகவே தள்ளும், சுக்கான்தான் திருப்பும். விசிறி நின்றால் சுக்கானில் உயிர் இல்லை. முதல் வாரம் பழக்கத்தில் இறங்குதுறைக்குக் கிட்ட வந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினேன். நான்கு தொன் எடை அது பாட்டுக்கு நேராகப் போய்த் துறையின் மரத்தூணில் இடித்தது. அணியத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. யாரும் ஏறாத நேரம், அது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் பயணி யாரையும் ஏற்றாமல் இரண்டு வாரம் பழகினேன். காலியான எண்ணெய்க் கேன் ஒன்றைக் கல் கட்டி நடுவில் மிதக்கவிட்டு, அதைத் துறை என்று வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அணைத்தேன். பின்னோக்கிப் போடும்போது படகின் பின்பக்கம் இடப்புறமாகவே இழுபடுவதை அப்போதுதான் கவனித்தேன். வலஞ்சுழி விசிறி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதைத் தெரிந்துகொண்டால் அதுவே உதவி. இடப்பக்கத்தைத் துறைக்குக் காட்டி, கொஞ்சம் சாய்வாக மெதுவாக வந்து, கடைசியில் ஒரு தடவை பின்னோக்கிக் கொடுத்தால் பின்பக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கு வழியாக வீசும்போது உயரமான கேபின் பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். ஆளேற்றி இறக்குவதைக் காலையில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விசிறித் தண்டு படகைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் பித்தளைக் கிளாண்ட் ஒன்று இருக்கிறது. தண்டைச் சுற்றிப் பெக்கிங் கயிறு திணித்து, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற மூடி அது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்துப் பயந்து, ஸ்பேனரால் இறுக்கி ஒரு சொட்டும் வராமல் பண்ணிவிட்டேன். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு கையால் தொட்டால் கொதிக்கிறது. மச்சான் பார்த்துவிட்டு, “ஃபெக்டரி பம்புல எத்தனை வாட்டி பாத்திருக்க? பெக்கிங்குக்கு அந்தத் தண்ணிதான் எண்ணெய்” என்றார். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். நின்ற பிறகு நிற்க வேண்டும்.

ஆகஸ்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. குளிர் காலை, சாரல். ஒரு குடும்பம் கேபினில் முன் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு, பின்கதவை மட்டும் திறந்துவைத்திருந்தது. இருபது நிமிடத்தில் சின்னப் பிள்ளை ஒன்று தலை வலிக்குது என்று அழுதது. உள்ளே எட்டிப் பார்த்தேன், புகை வாடை. படகு முன்னால் போகும்போது கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று, புகையைத் திறந்த கதவு வழியாக உள்ளே இழுத்திருக்கிறது. புகையில் நச்சு வாயு கூடுதலாக உள்ள பெற்றோல் எஞ்சினாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. முன் ஜன்னல் இரண்டையும் இப்போது முழுதாக மூட முடியாதபடி கட்டை வைத்துவிட்டேன். அந்த நச்சு வாயுவைக் கண்டால் கத்துகிற கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறது. குளிருது என்று சொல்கிறவர்களுக்குப் போர்வை கொடுக்கிறேன், ஜன்னலை மூட விடுவதில்லை. உயிர்காப்பு அங்கிக்கும் அதே சட்டம்தான், கேபினுக்குள் இருந்தாலும் போட வேண்டும்.

கழிப்பறையின் குழாய் நேராக வெளியே போகிற மாதிரி இருந்தது. அதை முதல் வேலையாக அடைத்து, உள்ளே தொட்டி வைத்தேன். கெஹெல்கமு ஓயா போய்ச் சேர்வது களனி கங்கையில். அந்தத் தண்ணீரைத்தான் கொழும்பில் குடிக்கிறார்கள். படகின் அடியில் தேங்குகிற ஒயில் கலந்த தண்ணீரையும் பம்ப் போட்டு வெளியே தள்ளுவதில்லை, கேனில் எடுத்துக் கரைக்குக் கொண்டுபோகிறோம்.

டீசல் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் தாங்கும். இந்த நீளத்துக்கு ஆறு நொட் (மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர்) வரை படகு தண்ணீரை வெட்டிக்கொண்டு சுலபமாகப் போகும். அதற்கு மேல் தன் அலையின் மேலேயே ஏற வேண்டும், டீசல் கொட்டும். ஆறு நொட்டில் போனால் தேயிலை மலையும் பார்க்கலாம், வலை போடுகிறவர்களின் ஓடமும் ஆடாது.

என் சின்னப் படகை விற்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நல்ல விலையும் வந்தது. விற்கவில்லை. துறையில் ஒரு மூங்கிலை நட்டு அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் நான்காவது கோட்டுக்குக் கீழே இறங்கினால் பெரியதை ஆழமான பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, 18 அடியை எடுக்கிறேன். பெப்ரவரியில் தண்ணீர் வடிந்த நாட்களில் அதிலேயே போய், வெளியே தெரிகிற அடிமரங்களையும் பாறைகளையும் ஒரு கொப்பியில் படம் போட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். ஜூலையில் அவையெல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கும். அந்தக் கொப்பி பிளாஸ்டிக் உறைக்குள் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கேட்டு வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். உங்கள் தண்ணீருக்கு இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் படகைப் பற்றிப் பேசுகிறோம்.